அப்படித்தான்

பூர்க்டோர்ஃப். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெரு.
ஐந்து மாடி, பத்து வீடு, ஒரே ஒரு சலவை யந்திரம்.
வியாழன் இரண்டிலிருந்து ஆறுவரை எங்கள் முறை.
சுவரில் அட்டவணை, ஆணியில் சாவி,
யந்திரத்தின் மூடிமேல் அவ்வப்போது
ஃப்ரா ஷ்டால்டர் எழுதிய துண்டுக் கடிதம்.

நீல மை. அடிக்கோடுகள். ஆச்சரியக்குறிகள்.
வந்த புதிதில் அந்தப் பாஷையில் எனக்கு
இரண்டு சொல்தான் பிடிபட்டது:
பிட்டே. நிஹ்ட்.
தயவுசெய்து. வேண்டாம்.
எல்லாத் துண்டிலும் இரண்டும் இருந்தன.
போதுமாயிருந்தது.
மிச்சத்தை நானே எழுதி நிரப்பினேன்.

இருபது வருஷம்
படியில் அவளைக் கண்டால் கூடையை இடுப்புக்கு மாற்றி
தலையைக் குனிந்து இறங்கினேன்.
வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணியோடு
அவள் கதையையும் ஊற்றிக் கொடுத்தேன்.
சொல்லச் சொல்ல அது நன்றாக வந்தது.
ஒரு குரல் வைத்தேன் அவளுக்கு, மூக்கால் கதைக்கிற குரல்.
உண்மையான குரலில்
ஒரு வணக்கத்துக்கு மேல் நான் கேட்டதில்லை.

துண்டுகளை எறியவில்லை.
பிஸ்கட் பேணிக்குள் வைத்தேன்.
வழக்கென்றால் சான்று வேண்டுமே.

போன பெப்ரவரி, ஐம்பத்தொரு வயதில்,
மாலை வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம்:
கையால் எழுதிய ஏதாவது ஒன்றை வாசித்து வரவும்.
இந்த நாட்டில் எனக்குக் கையால் எழுதியவள்
அவள் ஒருத்தி.

பதினான்கு துண்டு.
மேசையில் அகராதி, கண்ணாடி, ஆறிப்போன சோறு.
ஐந்து, நான் நினைத்தபடியே.
வடிகட்டியில் தலைமயிர். கதவைச் சாத்தவும்.
எங்கள் சமையல் மணத்தைப் பற்றி ஒன்று,
அது இன்றைக்கும் சுட்டது.
மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
ஆறு, வெறும் தகவல்.
யந்திரம் பழுது, செவ்வாய் ஆள் வருவான்.

பிறகு இது. தேதி, சேந்தினி பிறந்து மூன்றாம் கிழமை.
"பிள்ளைக்கு வாழ்த்துகள்! தயவுசெய்து
வியாழன்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம்.
என் காலை நேரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்."

வேண்டாம்.
நம்முடைய பாஷையிலும் அது இரண்டு சொல் அல்லவா.
கதவை அடைக்கிற வேண்டாம் ஒன்று.
கையிலிருந்து பாரத்தை வாங்கிக்கொள்கிற வேண்டாம் ஒன்று.
அந்தப் பனிக்காலம் முழுக்க
அவர் தன் காலைகளைக் காலியாக விட்டிருக்கிறார்.
நான் குளியல் தொட்டிக்கருகே குந்தியிருந்து
விரல் வெடிக்க வெடிக்கப்
பிள்ளையின் துணி தோய்த்திருக்கிறேன்.

முதலில் வந்தது கோபம்.
யார்மேல் என்று தெரியாத கோபம்.
இருபது வருஷம் சாய்ந்திருந்த சுவர்,
அதை எடுத்தால் முதுகு என்ன செய்யும்?

"அவள் அப்படித்தான்."
அந்த வாக்கியத்தை விளக்குக்குக் கீழே பிடித்தேன்.
வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு தான்.
இன்னொருத்தியைப் பற்றிய பேச்சில்
அதற்கு என்ன வேலை?
கிள்ளி எடுத்துப் பார்த்தேன்.
"அவள் அப்படி."
அப்படியென்றால் எப்படி என்று
வாக்கியமே என்னைக் கேட்டது.

மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.
தையில் குடிவந்த கிருபாலினியிடம்
முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன்:
அந்த மனுஷியோடு கவனம்.
"அன்றைக்கு ஒன்று சொன்னேன் அல்லவா பிள்ளை,
அதைத் திருப்பித் தாரும்."
அவள் இடுப்பில் குழந்தை, கையில் ஈர உடுப்பு.
"அப்ப நல்லவவா, அக்கா?"
"தெரியாது" என்றேன்.
வாயில் புதிதாக இருந்தது அந்தச் சொல்,
தைத்த பல்லை நாக்கு தடவுகிற மாதிரி.

இறங்கும்போது இரண்டாம் மாடியில்
படிவிளக்கு அணைந்தது.
அவர் வாசலில் ஒரே ஒரு சோடிச் சப்பாத்து என்பது மட்டும்
அணையுமுன் தெரிந்தது.
சுவரில் தடவினேன்.
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்,
ஒன்று விளக்கு, ஒன்று அழைப்புமணி.
எது எதென்று எனக்குத் தெரியும் என்றே
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.